முதல் வால்வு வரைக்கும்தான் சண்டை

இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசி சராசரியாக 3 முதல் 5 மில்லிவோல்ட் தருகிறது. அதே அறையின் சுவரில் இருப்பது 230 வோல்ட். கிட்டத்தட்ட 50,000 மடங்கு வித்தியாசம். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் ஒரு சாண் இடைவெளியில் குடிவைத்து, பெரியது சிறியதைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வால்வு ப்ரீஆம்ப் கட்டுகிறவரின் வேலையில் முக்கால்வாசி இதுதான். பெருக்குவது பெரிய காரியமில்லை; அதை அந்தக் கண்ணாடிக் குழாய் தானே பார்த்துக்கொள்ளும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தப் பொழுதுபோக்குக்கு வேண்டியது பெரும்பாலும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கிறது. வார இறுதியில் பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மாலுக்குப் போனால் பழைய தட்டுகளைப் புரட்டிக்கொண்டே பொழுதைப் போக்கலாம். ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், டிரான்ஸ்பார்மர் வகையறாவுக்குப் புடு வட்டாரத்து ஜாலான் பாசார் இருக்கிறது. வால்வுகளை ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் செய்கிறார்கள், தருவித்துக்கொள்ளலாம். பணம் வீணாவது இந்தக் கடைசி இடத்தில்தான். ‘இரைச்சல் குறைந்தது’ என்று முத்திரை குத்திய பழைய முல்லார்டு வால்வுக்கு ரிங்கிட்டைக் கொட்டிக் கொடுத்துவிட்டு, அதைச் செருகும் சாக்கெட்டில் ஹீட்டர் கம்பியை முறுக்காமல் அப்படியே இழுத்து விட்டிருப்பார்கள். பெட்டி உறுமும். பழி வால்வின் தலையில் விழும்.

வால்வின் இரைச்சலுக்கு இயற்கை ஓர் அடிமட்டம் போட்டு வைத்திருக்கிறது. அதைக் காகிதத்திலேயே கணக்குப் பார்த்துவிடலாம். நாம் அஞ்சுகிற அளவுக்கு அது பெரிதல்ல. அதற்கு மேல் காதில் விழுவதில் பெரும்பகுதி கட்டியவரின் கைவேலை.

வால்வு இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஜொகூர் அரசின் மின்பொறியாளர் ஏ. எல். பர்ச் 1921இல் மலாயாவுக்கு முதல் வானொலிப் பெட்டியைக் கொண்டுவந்தார் என்று இந்நாட்டு ஒலிபரப்பு வரலாறு சொல்கிறது. 1946 ஏப்ரல் 1இல் ரேடியோ மலாயா தொடங்கியபோது வீடுகளில் இருந்தவை வால்வுப் பெட்டிகள்தாம். 1970களில் சுங்கைவே சுதந்திர வாணிப வட்டாரத்தில் மின்னணு ஆலைகள் எழுந்தன. வால்வின் பிழைப்பைக் கெடுத்த குறைக்கடத்திகளை இந்தப் பள்ளத்தாக்கே தயாரிக்கத் தொடங்கியது. இப்போது அதே ஊர்க்காரர்கள் வார இறுதியில் வால்வுக்குத் திரும்பி வருகிறார்கள் என்பது வேடிக்கைதான்.

கணக்குக்கு வருவோம். 1920களில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் ஜான்சன் பெருக்கிகளில் கேட்ட சீறலின் மூலத்தைத் தேடிப் போனார். கரி இழை, உலோகக் கம்பி, உப்புக் கரைசல் என்று எதை எதையோ தடையாக வைத்துப் பார்த்தார். சூடாக்கியும் குளிரவைத்தும் அளந்தார். பொருள் எதுவானாலும் கவலையில்லை, தடையின் அளவும் வெப்பநிலையும் மட்டுமே இரைச்சலைத் தீர்மானிக்கின்றன என்று தெரிந்தது. உள்ளே எலெக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் அலைபாய்வதே காரணம். ஏடி அண்ட் டி நிறுவனத்தின் ஹாரி நைக்விஸ்ட் இதற்கான கோட்பாட்டை எழுதினார். 1928இல் இருவரின் கட்டுரைகளும் வெளிவந்தன. இரண்டு பேரும் சுவீடனில் பிறந்து அமெரிக்கா போனவர்கள்.

அவர்களின் சூத்திரப்படி, 1 கிலோ ஓம் தடை, காது கேட்கும் 20,000 ஹெர்ட்ஸ் பரப்பில், சுமார் 0.58 மைக்ரோவோல்ட் சீறலைத் தரும். தடை நான்கு மடங்கானால் சீறல் இரண்டு மடங்காகும். நம்ம ஊர் வெக்கைக்கு இரைச்சல் கூடுமே என்று சிலர் கேட்பதுண்டு. கூடும்தான். 20 பாகையில் இருக்கும் லண்டன் அறையையும் 32 பாகையில் வேகும் கிள்ளான் வீட்டையும் ஒப்பிட்டால் 2 விழுக்காடு வித்தியாசம் வரும். எந்தக் காதுக்கும் அது தெரியாது. ஏர்கான் போடுவது உங்கள் சுகத்துக்காக மட்டும் இருக்கட்டும்.

வால்வுக்குள் வேறொரு கதை நடக்கிறது. சூடான கேத்தோடிலிருந்து எலெக்ட்ரான்கள் தகட்டை நோக்கிப் பறக்கின்றன. மின்னோட்டம் என்று நாம் சொல்வது உண்மையில் தனித்தனித் துகள்கள் வந்து மோதுவது. தகரக் கூரையில் மழை விழுவது போல. தூரத்திலிருந்து கேட்டால் ஒரே இரைச்சல், கிட்டப் போனால் சொட்டுச் சொட்டு. வால்டர் ஷாட்கி 1918இல் இதைக் கணித்தார். இதோடு விட்டிருந்தால் வால்வு ப்ரீஆம்ப் என்ற சாதனத்தையே மறந்துவிட வேண்டியதுதான், சீறல் அவ்வளவு மோசமாக இருந்திருக்கும். காப்பாற்றுவது கேத்தோடைச் சுற்றி மொய்க்கும் எலெக்ட்ரான் மேகம். ஒரு கணத்தில் தற்செயலாகக் கொஞ்சம் அதிக எலெக்ட்ரான்கள் கிளம்பினால் மேகம் கனத்து, பின்னால் வருவனவற்றைத் திருப்பி அனுப்புகிறது. குறைவாகக் கிளம்பினால் தடுப்பு தளர்ந்து வழிவிடுகிறது. ஏற்ற இறக்கம் தானாகவே சமனாகிவிடும். ஆர்சிஏ நிறுவனத்தின் தாம்சன், நார்த், ஹாரிஸ் ஆகியோர் 1940ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். கையில் வைத்துக்கொள்ள ஓர் எளிய விதியும் கிடைத்தது: 2.5ஐ வால்வின் கடத்துதிறனால் வகுத்தால் வருகிற ஓம் அளவுத் தடை எவ்வளவு சீறுமோ, அவ்வளவு அந்த மும்முனை வால்வு சீறும்.

இசிசி83, அதாவது அமெரிக்கர்களின் 12ஏஎக்ஸ்7, இந்தத் துறையின் அன்றாடச் சோறு. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ்கூட ஒரு காலத்தில் செய்தது. 250 வோல்ட் கொடுத்து, தகட்டுக்கு 100 கிலோ ஓம், கேத்தோடுக்கு 1.5 கிலோ ஓம் வைத்தால் ஏறத்தாழ 1 மில்லி ஆம்பியர் ஓடும். வந்த சிக்னல் 60 மடங்கு ஆகும். அந்த நிலையில் வால்வின் சீறல் 2 கிலோ ஓம் தடைக்குச் சமம், சுமார் 0.8 மைக்ரோவோல்ட். ஊசி தரும் 5 மில்லிவோல்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: 6,000 மடங்குக்கும் மேல் இடைவெளி, 76 டெசிபல். தட்டின் பள்ளமே எழுப்பும் உரசல் சத்தம் இசைக்குக் கீழே 60 டெசிபலைச் சுற்றித்தான் நிற்கிறது. வால்வு ஏற்கெனவே தட்டைவிட அமைதியாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஊசியைத் தாங்கும் காந்தம் நகரும் வகைக் கார்ட்ரிட்ஜ் வெறும் தடையல்ல, 500 மில்லிஹென்றி அளவுக்குச் சுருளும் உள்ளது. அலைவெண் ஏற ஏற அதன் மின்மறுப்பு ஏறி, பெருக்கியின் வாயிலில் உள்ள 47 கிலோ ஓம் தடையின் சீறலை வெளியே விடுகிறது. 3,000 ஹெர்ட்ஸுக்கு மேல், சீறல் காதை உறுத்தத் தொடங்கும் இடத்தில், கார்ட்ரிட்ஜும் அந்தத் தடையும் சேர்ந்து வால்வை முந்திவிடுகின்றன. 10,000 ஹெர்ட்ஸில் அவற்றின் பங்கு 14 கிலோ ஓமுக்கு இணை. வால்வின் பங்கு அதே 2 கிலோ ஓம்தான். 6டிஜே8 போன்ற கடத்துதிறன் கூடிய வால்வைப் போட்டு அந்த 2 கிலோ ஓமைக் கால் கிலோ ஓமாக்கினாலும் 4,000 ஹெர்ட்ஸில் மிச்சமாவது ஒன்றரை டெசிபல். அதற்குப் பதிலாகப் பெருக்கம் பாதிக்கும் கீழே இறங்கும். அடுத்த நிலையின் இரைச்சலும் கணக்கில் சேர ஆரம்பிக்கும்.

அடுத்த நிலை பற்றி ஏன் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை? முதல் வால்வு 60 மடங்கு பெருக்கிவிட்ட பிறகு இரண்டாவது சேர்க்கும் 0.8 மைக்ரோவோல்ட்டை 60ஆல் வகுத்துத்தான் பார்க்க வேண்டும். தற்செயல் இரைச்சல்கள் நேராகக் கூடுவதும் இல்லை. வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும். பெரியதன் முன் சின்னது காணாமல் போகும். சண்டை எல்லாம் முதல் வால்வோடு முடிந்துவிடுகிறது.

அங்கே நிஜமாகக் கெடுதல் செய்யக்கூடியது தகட்டுத் தடை. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கரிக்கலவை ரெசிஸ்டரை ‘அசல் ருசி’ என்று சொல்லி வைப்பவர்கள் உண்டு. அதன் வழியே நேர்மின்னோட்டம் ஓடும்போது, ஜான்சன் சொன்ன சீறல் போதாதென்று, கரித்துகள்களின் தொடர்பு மாறி மாறி இன்னொரு இரைச்சல் கிளம்பும். ஒரு வோல்ட்டுக்கு 1 மைக்ரோவோல்ட் என்று வைத்தாலும், தடைக்குக் குறுக்கே 100 வோல்ட் நிற்கும்போது, வாயிலுக்குக் கணக்கிட்டால் 1 மைக்ரோவோல்ட்டைத் தாண்டுகிறது. வால்வையே மிஞ்சிவிட்டது. போதாக்குறைக்கு நம் ஊர் ஈரத்தை உறிஞ்சி அதன் மதிப்பும் நகரும். சில காசுகளுக்குக் கிடைக்கும் உலோகப் படல ரெசிஸ்டர் இந்தத் தொல்லையை ஒழித்துவிடும். ஆயிரம் ரிங்கிட் வால்வு தராத அமைதி அது.

சீறலைப் பற்றி இவ்வளவு போதும். கட்டி முடித்த பெட்டியை முதல் தடவை போடும்போது காதில் விழுவது சீறல் அல்ல, உறுமல்.

1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைவின்படி, தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளை அடக்கி வைக்கிறார்கள். கேட்கும்போது நாம் அவற்றை உயர்த்தியாக வேண்டும். 1,000 ஹெர்ட்ஸை ஒப்பிட்டால் 50 ஹெர்ட்ஸ் 7 மடங்கு ஏறுகிறது. தெனாகா நேஷனல் அனுப்பும் மின்சாரம் சரியாக அந்த 50 ஹெர்ட்ஸிலேயே துடிக்கிறது. எதிரிக்கு வாசற்கதவைத் திறந்து வைத்து வரவேற்கிறோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

உறுமல் வருகிற வழிகளில் முதலாவது, கேத்தோடைச் சூடாக்கும் ஹீட்டர். ஒன்பது முனைச் சாக்கெட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். 4, 5, 9 ஹீட்டருக்கு. 2, 7 சிக்னல் நுழையும் கிரிட்டுக்கு. 2க்கும் 4க்கும் நடுவில் ஒரே ஒரு கேத்தோடு முனை. அரை விரல் அகலம்கூட இல்லை. ஹீட்டரில் 6.3 வோல்ட் ஏசி, 0.3 ஆம்பியர். கிரிட்டில் ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் ஐந்து பங்கே உள்ள மெல்லிய பாட்டு. ஹீட்டர் கம்பி இரண்டையும் நெருக்கமாக முறுக்கி, சேஸியின் மூலையை ஒட்டியே கொண்டுவந்து, சாக்கெட்டுக்கு மேலே வளைத்து முனையில் இறக்க வேண்டும். கிரிட் கம்பி எதிர்ப்பக்கத்திலிருந்து, முடிந்தவரை குட்டையாக வர வேண்டும். இரண்டும் குறுக்கிட்டே தீர வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். ஹீட்டரின் நடுப்புள்ளியை நேராக எர்த்தில் கட்டாமல், உயர் அழுத்தத்திலிருந்து பிரித்தெடுத்த 40 வோல்ட்டில் தூக்கி வைத்தால், ஹீட்டரிலிருந்து கேத்தோடுக்குக் கசியும் சொற்ப மின்னோட்டமும் நின்றுபோகும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தால் ஏசி ஹீட்டரே போதும் என்பது என் கட்சி. முதல் வால்வுக்கு மட்டும் 12 வோல்ட் சீராக்கி ஒன்றை வைத்து டிசி கொடுப்பது சுலபமான மாற்று வழி. 1958இல் வந்த மாராண்ட்ஸ் 7 அப்போதே ஹீட்டருக்கு டிசியைத்தான் கொடுத்தது. பிலிப்ஸ், முல்லார்டு காரர்கள் வேறு வழி போனார்கள். அவர்களின் இஎஃப்86 வால்வில் ஹீட்டரையே இரட்டைச் சுற்றாகச் சுற்றி, காந்தப்புலம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்படி செய்தார்கள்.

இரண்டாவது வழி உயர் அழுத்தம். முழு அலை திருத்தியின் அலையல் 100 ஹெர்ட்ஸில் இருக்கும். ஸ்டீரியோவுக்கு 4 மில்லி ஆம்பியர் என்றால் 47 மைக்ரோஃபாரட் முதல் கெப்பாசிட்டரில் 0.85 வோல்ட் அலையல் மிஞ்சும். பிறகு 10 கிலோ ஓமும் இன்னொரு 47ம் சேர்ந்தால் கிட்டத்தட்ட 300இல் ஒரு பங்காகும். அதே ஜோடியை இன்னொரு முறை வைத்தால் 10 மைக்ரோவோல்ட். மின்னோட்டம் இவ்வளவு குறைவாக இருப்பது ப்ரீஆம்பின் பாக்கியம், வெறும் ரெசிஸ்டரே வடிகட்டிவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: அந்தக் கெப்பாசிட்டர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 250 வோல்ட்டைப் பிடித்து வைத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 220 கிலோ ஓம் போட்டு வடிய விடுங்கள். மீட்டர் வைத்துப் பார்த்த பிறகே கையை உள்ளே விடுங்கள்.

மூன்றாவது வழிதான் இந்த ஊரில் அதிகம் பேரை அலைக்கழிப்பது. ப்ரீஆம்பின் மூன்று முனைப் பிளக்கில் ஓர் எர்த். அதே அடுக்கில் உள்ள ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் டிவிப் பெட்டியின் சிக்னல் கம்பி கூரைத் தட்டு வரை போகிறது. தட்டின் இரும்புச் சட்டம் கட்டடத்தோடு சேர்ந்திருந்தால் அது இரண்டாவது எர்த். இரண்டும் ஆர்சிஏ கம்பியின் உறை வழியே சேர்ந்து ஒரு பெரிய வளையமாகும். வீட்டில் ஓடும் மின்சாரத்தின் காந்தப்புலம் அதில் 50 ஹெர்ட்ஸைத் தூண்டும். ஆஸ்ட்ரோ கம்பியைக் கழற்றினால் உறுமல் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் நோய் புரிந்துவிட்டது. சிலர் பிளக்கின் எர்த் கம்பியை வெட்டி விடுவதைக் கண்டிருக்கிறேன். உறுமல் நிற்கும், உண்மைதான். டிரான்ஸ்பார்மரின் காப்பு ஒரு நாள் உடைந்தால் உலோகப் பெட்டி முழுக்க 230 வோல்ட் ஏறி, தொட்டவரின் மூச்சும் நின்றுவிடும். சேஸி எப்போதும் எர்த்தோடு இறுக்கமாக இருக்க வேண்டும். சிக்னல் தரையை மட்டும், 10 ஓம் ரெசிஸ்டரும் அதற்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு தடித்த டயோடுகளும் வைத்து, வாயில் முனைக்குப் பக்கத்தில் ஒரே இடத்தில் சேஸியோடு சேர்க்கலாம். வளைய மின்னோட்டம் 10 ஓமில் சோர்ந்துவிடும். பெரிய பழுது நேர்ந்தால் டயோடுகள் வழிவிட்டு ஃபியூஸை அடித்துவிடும்.

நம் தட்பவெப்பத்தின் உண்மையான கைவரிசை சூட்டில் அல்ல, ஈரத்தில் தெரியும். சாக்கெட்டின் 1ஆவது முனை தகடு, அதில் 150 வோல்ட். அதற்கு ஒட்டினாற்போல் 2ஆவது முனை கிரிட். இரண்டுக்கும் நடுவே தூசியும் சாலிடரின் பிசினும் கழுவாமல் கிடந்து, மழைக்காலத்து ஈரத்தைக் குடித்தால் ஒரு கசிவுப் பாதை உருவாகும். அந்தப் பாதை 100 கோடி ஓம் அளவு நல்ல காப்பாகவே இருந்தாலும் 0.15 மைக்ரோ ஆம்பியர் கசியும். கார்ட்ரிட்ஜின் 700 ஓம் சுருளில் அது 0.1 மில்லிவோல்ட். அதில் ஒரு விழுக்காடு நடுங்கினால் போதும், வால்வின் சீறலை மிஞ்சிய கரகரப்பு கேட்கும். வந்து வந்து போகும், மழை பெய்யும் இரவில் கூடும். பீங்கான் அல்லது டெஃப்லான் சாக்கெட்டும், வேலை முடிந்ததும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷும் இதற்கு மருந்து. கிள்ளானில் கடற்காற்று படும் பக்கத்தில் இருப்பவர்கள் வால்வின் முனைகளையும் அவ்வப்போது துடைத்துக்கொள்வது நல்லது.

பிரிக்பீல்ட்ஸ் மாதிரி நகர நடுவில் வாழ்பவர்களுக்கு வேறொரு விருந்தாளி. புக்கிட் நானாஸ் மேல் நிற்கும் கோலாலம்பூர் கோபுரம் 421 மீட்டர் உயரம். பண்பலை ஒலிபரப்புக்கும் அதுதான் மேடை. சுற்றிலும் கைப்பேசி அலைகள் வேறு. கிரிட் இந்த உயர் அலைவெண்களைப் பிடித்துத் திருத்திவிட்டால், தட்டே ஓடாதபோது ஏதோ முணுமுணுப்பு கேட்கும். கிரிட் முனையை ஒட்டி 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பற்றவைத்தால் அது வாயிலிலேயே நிற்கும். 10 கிலோ ஓம் வைத்தால் இன்னும் பத்திரம்தானே என்று தோன்றலாம். அந்தத் தடையும் சீறும் என்பதை மறக்கக் கூடாது. வால்வின் 2 கிலோ ஓமைக் காத்துவிட்டு, காவலாளிக்கே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் இரைச்சலை வாடகையாகக் கொடுத்தது போலாகும்.

மிச்சம் இருப்பது வால்வைத் தேர்ந்தெடுப்பது. தாழ்ந்த அலைவெண்ணில் ஆக்சைடு பூசிய கேத்தோடு இன்னொரு தடுமாற்றத்தையும் காட்டும், ஜான்சன் 1925லேயே கவனித்தது. எந்தக் கணக்குக்கும் அது கட்டுப்படாது. ஒரே ஆலை, ஒரே நாள் செய்த இரண்டு வால்வில்கூட வேறுபடும். ஆகவே விலை உயர்ந்த ஒன்றை வாங்குவதைவிடச் சாதாரணமானதில் நான்கு வாங்குவது மேல். வாயிலை ஷார்ட் செய்து, ஒலியை நீங்கள் கேட்கும் அளவுக்கு ஏற்றி, ஒவ்வொன்றாகச் செருகிப் பாருங்கள். கோப்பிக் கடையில் தரும் மரக் குச்சி ஒன்றால் கண்ணாடியை லேசாகத் தட்டுங்கள். உலர்ந்த மரமாக இருக்கட்டும், இன்னொரு கை சட்டைப் பையில் இருக்கட்டும். ஒலிபெருக்கியில் ‘டிங்’ என்று மணி அடித்து நீண்டால் உள்ளே கிரிட் கம்பி தளர்ந்து ஆடுகிறது, அதை இரண்டாம் நிலைக்குத் தள்ளுங்கள். ‘டொக்’ என்று மொட்டையாக அடங்குவதும், குச்சியை எடுத்த பிறகு ‘புஸ்’ஸென்று சீராக மட்டும் கேட்பதும் முதல் சாக்கெட்டுக்கு.

சுருள் நகரும் வகைக் கார்ட்ரிட்ஜ் வைத்திருப்பவர்களுக்கு இந்தப் பெட்டி போதாது. அது தருவது 0.3 மில்லிவோல்ட், 0.8 மைக்ரோவோல்ட் சீறலுக்கு முன் 51 டெசிபல்தான் எஞ்சும், தட்டைவிட வால்வு சத்தம் போடும். அங்கே நல்ல டிரான்சிஸ்டர் வெல்லும், அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை. வால்வையே பிடிவாதமாக வைத்துக்கொள்ள வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒன்றுக்குப் பத்து டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சேர்க்க வேண்டும். வால்வின் சீறலைத் தொடாமல் சிக்னலை மட்டும் 3 மில்லிவோல்ட்டுக்குத் தூக்கிவிடும். ஆனால் அது சுற்றியுள்ள காந்தப்புலத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும் பண்டம். மியூமெட்டல் உறை போட்டது வாங்கி, மின்சாரப் பகுதியைத் தனிப் பெட்டியில் வைத்து, நடுவில் ஒரு மீட்டராவது விட்டு, உறுமல் மிகக் குறையும் கோணம் வரும்வரை டிரான்ஸ்பார்மரைக் கையில் பிடித்துத் திருப்பிப் பார்த்த பிறகே திருகாணியை முறுக்குங்கள்.